வீட்டில் கேட்பதை அலுவலகத்தில் கொடுக்கிறீர்களா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருமணமாகி 13 ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்குத் தெரியாமல் எங்கள் சேமிப்பில் பெரும்பகுதியைப் பங்குச் சந்தையில் தினசரி வர்த்தகத்தில் போட்டு இழந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் மறைத்தேன். வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் பிரித்துப் படித்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் கழித்து, நண்பர் ஒருவரிடம் வாங்கியிருந்த சிறு கடன் நினைவுக்கு வந்தது. அதையும் நானாகவே சொன்னேன். இப்போது 14 மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் என் கைபேசியை எடுத்துப் பார்க்கிறாள், வங்கிக் கணக்கைக் கேட்கிறாள். நூறு முறை மன்னிப்புக் கேட்டாயிற்று. எப்போதுதான் நம்புவாள்?

இன்னொரு கேள்வியும் உண்டு. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஆறு பேருக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓர் இளைஞர் அறிக்கையில் செய்த பிழையைப் பத்து நாள் மறைத்துவிட்டார். வாடிக்கையாளரே அதைக் கண்டுபிடித்ததில் எங்களுக்குப் பெரிய தலைகுனிவு. ஏன் மறைத்தாய் என்று கேட்டால், ‘நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் இன்னொருவரைத் திட்டியதைப் பார்த்தேன், பயந்துவிட்டேன்’ என்கிறார். எனக்கு அது சாக்காகத்தான் படுகிறது. ஐந்து மாதமாக அவர் தயாரிக்கும் ஒவ்வொரு தாளையும் நானே வரிக்கு வரி சரிபார்க்கிறேன். நம்பிக்கை போன ஒருவரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. மறுபடி படித்தபோது ஒன்றுதான் இருந்தது. வீட்டில் நீங்கள் மறைத்தீர்கள். அலுவலகத்தில் உங்களிடம் மறைத்தார்கள். வீட்டில் உங்கள் மனைவி கைபேசியைப் பார்க்கிறார். அலுவலகத்தில் நீங்கள் அந்த இளைஞரின் தாள்களைப் பார்க்கிறீர்கள். 14 மாதமாகியும் மனைவி விடவில்லையே என்று வருந்துகிற நீங்களே, ஐந்து மாதமாக இன்னொருவர்மீது கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நம்பிக்கையை உடைத்தவருக்கு எங்கே வலிக்கும், உடைபட்டவருக்கு எங்கே வலிக்கும் என்ற இரண்டும் இந்த நேரத்தில் உங்களுக்கே தெரியும். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பக்கத்து வலிதான் தெரிந்திருக்கும். மறுபக்கத்தை விளங்கவைக்கவே பல மாதங்கள் பிடிக்கும். நீங்கள் அந்தத் தூரத்தை ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்: மூன்று மாதம் கழித்து நினைவுக்கு வந்த அந்தச் சிறு கடன். நானாகவே சொன்னேன் என்று அதை உங்கள் நேர்மைக்குச் சான்றாக வைக்கிறீர்கள். உங்கள் மனைவியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? முதல் நாள் ‘எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்’ என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மூன்று மாதம் படுத்து எழுந்திருப்பார். கடன் சிறியதுதான். ஆனால் அதைச் சொன்ன அன்று ‘எல்லாம்’ என்ற அந்தச் சொல் பொய்யாகிப்போனது. இனி நீங்கள் எத்தனை முறை ‘இவ்வளவுதான்’ என்றாலும், எதை நம்பி அவர் அதை ஏற்பார்? உங்கள் கணக்கில் 14 மாதங்கள் ஓடிவிட்டன. அவருடைய கணக்கில் 11 மாதங்கள்தான், அதுவும் அடுத்தது எப்போது வெளிவருமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்த 11 மாதங்கள்.

உண்மையைத் தவணை முறையில் சொல்வதைப் போல ஓர் உறவை அரிப்பது வேறொன்றும் இல்லை என்பது என் அனுபவம். மறைத்தவர் அதைக் கருணை என்று நினைத்துக்கொள்கிறார்: ஒரே நாளில் எல்லாவற்றையும் சொன்னால் தாங்கமாட்டாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம் என்று. கேட்பவருக்கோ ஒவ்வொரு தவணையும் ஒரு புதுத் துரோகம்.

பணம் போனதும் மறைத்ததும் உங்கள் மனதில் ஒரே குற்றமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பாருங்கள். மாரிஸ் ஷ்வைட்சர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் 2006-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பல சுற்றுகளாக நடக்கும் பண விளையாட்டு அது. ஒருவர் தன் பங்கை நம்பிக் கொடுக்கிறார். எதிராளி அதைத் திருப்பிக் கொடுக்காமல் ஏமாற்றுகிறார். பிறகு எதிராளி தொடர்ந்து ஒழுங்காக நடந்துகொண்டபோது, உடைந்த நம்பிக்கை பெரும்பாலும் மீண்டு வந்தது. ஆனால் அதே ஏமாற்றுடன் ஒரு பொய்யும் சேர்ந்திருந்தால், மன்னிப்பு, வாக்குறுதி, ஒழுங்கான நடத்தை ஆகிய மூன்றும் இருந்தும் நம்பிக்கை பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இது முன்பின் அறியாதவர்களிடையே சில சுற்றுகளில் முடிந்துபோன விளையாட்டு. 13 ஆண்டுக் குடும்ப வாழ்க்கையை அதை வைத்து அளக்க முடியாது; அளக்கவும் கூடாது. ஆனாலும் அது சுட்டிக்காட்டும் இடம் சரியானது. உங்கள் மனைவி போன பணத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு நாள் மாலையும் நீங்கள் வீட்டுக்கு வந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தீர்களே, அந்த முகங்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தச் சிரிப்பு உண்மை, எது நடிப்பு என்று.

அதனால்தான் நூறு மன்னிப்புகளும் போய்ச் சேரவில்லை. ஒரு மன்னிப்பில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்று ராய் லெவிக்கியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆறு பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். அதிக எடை பெற்றது, ‘இது என் தவறு’ என்று பொறுப்பை ஏற்பது. அடுத்தது, சேதத்தைச் சரிசெய்ய முன்வருவது. எல்லாவற்றிலும் கடைசியில் நின்றது, ‘என்னை மன்னித்துவிடு’ என்ற வேண்டுகோள். நீங்கள் நூறு முறை சொன்னது எது என்று நெஞ்சில் கைவைத்து யோசியுங்கள். அந்த வேண்டுகோள் அவரிடமிருந்து ஒன்றைக் கேட்கிறது. ஏற்கெனவே இழந்து நிற்பவரிடம் மேலும் ஒன்றைக் கொடு என்கிறது. ‘எப்போது நம்புவாய்?’ என்ற கேள்வியும் அதே இனம்தான். அதைக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். உங்களைப் போலவே பண விஷயத்தை மறைத்துப் பிடிபட்ட ஒரு கணவரும் அவர் மனைவியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கணவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். இனி தன் வாழ்க்கை திறந்த புத்தகம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மேசைமேல் இருந்த அவருடைய கைபேசி ஒளிர்ந்தது. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் தானாக நீண்டு, அதைக் கவிழ்த்து வைத்தது. மனைவி கைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மடியிலிருந்த பையின் வாரை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். ‘இப்போது என்ன செய்தீர்கள்?’ என்று நான் கேட்டபோது கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. கைபேசியைத் திருப்பிப் பார்த்தார்கள். சேவை நிறுவனம் அனுப்பிய வெறும் விளம்பரம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனம் மாறியிருந்தது, கை இன்னும் மறைத்த காலத்திலேயே இருந்தது. உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். அழைப்பு வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போகிறீர்களா? அவர் உள்ளே வரும்போது திரையை மாற்றுகிறீர்களா? கணக்கைக் கேட்டால், காட்டுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுகிறீர்களா? அந்தப் பெருமூச்சு போதும், ஒரு மாதத்து நல்ல நடத்தையைக் கரைத்துவிட.

செய்ய வேண்டியது என்ன? ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். நினைவை நம்பி எழுதாதீர்கள். மறைத்த காலத்து வங்கிப் பட்டியல்களையும் வர்த்தகக் கணக்கின் முழு விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு போயிற்று, யாரிடம் என்ன வாங்கினீர்கள், வீட்டில் அதற்கு என்ன காரணம் சொன்னீர்கள். அந்தக் கடைசி விவரம் முக்கியம். எந்தெந்த நாளில் எந்தப் பொய்யைச் சொன்னீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அவர் தனியாக இரவில் உட்கார்ந்து துப்பறிய வேண்டிய தேவை குறையும். இன்னும் சொல்லாதது ஏதாவது, எத்தனை சிறியதானாலும், இருந்தால் அதுவும் இந்தத் தாளிலேயே வரட்டும். அன்று வீட்டில் புயல் அடிக்கும், அடிக்கட்டும். தாளைக் கொடுத்த பிறகு உங்களை நியாயப்படுத்தி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவர் அழுதாலும், கோபப்பட்டாலும், பேசாமல் எழுந்து போனாலும் அங்கேயே இருங்கள்.

அதன்பிறகு, அவர் கேட்டுக் காட்டுவதை விட்டு, கேட்பதற்கு முன் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் வைத்துக்கொண்டு கணக்கை நீங்களே அவர் முன் விரியுங்கள். இது சின்ன வேறுபாடாகத் தோன்றலாம். தீபக் மல்ஹோத்ராவும் கீத் மர்னிகனும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எண்ணிப்பாருங்கள். கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் இருந்தபோது மக்கள் ஒத்துழைத்தார்கள். ஆனால் எதிராளி ஒழுங்காக நடந்ததற்கு ஒப்பந்தத்தையே காரணமாக எண்ணினார்கள், அந்த ஆளின் குணத்தை அல்ல. ஒப்பந்தத்தை எடுத்ததும் நம்பிக்கையும் கூடவே போய்விட்டது. உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். மனைவி கைபேசியைப் பரிசோதித்து எதுவும் கிடைக்காத ஒவ்வொரு முறையும், ‘நான் பார்ப்பதால்தான் ஒழுங்காக இருக்கிறார்’ என்ற எண்ணம்தான் அவருக்கு வரும். நீங்களாகக் கொண்டுவரும்போதுதான் அந்த ஒழுங்கு உங்கள் பெயரில் வரவு வைக்கப்படும்.

பெரிய வாக்குறுதிகள் வேண்டாம். ‘இனி வாழ்நாளில்’ என்று தொடங்கும் எதையும் சொல்லாதீர்கள். அதைச் சரிபார்க்க அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்கு வாருங்கள். முடியாது என்று தெரிந்த நிமிடமே, ஐந்தே காலுக்கே, சொல்லிவிடுங்கள். அவரே இன்று சரிபார்க்கக்கூடிய சின்னச் சொற்கள்தான் இப்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். இழந்ததை மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இன்னும் வருகிறதா? சந்தை விலைகளைச் ‘சும்மா’ பார்க்கிறீர்களா? இழந்ததைத் துரத்திக்கொண்டு மீண்டும் இறங்குவதும், அதை மறைக்கப் பொய் சொல்வதும் சூதாட்டப் பழக்க நோயின் அடையாளங்களாக மருத்துவம் குறிப்பவை. உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த இழுப்பு கொஞ்சமாவது இருந்தால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், போகிற விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இவ்வளவையும் செய்தாலும் அவர் நம்பாமலே போகலாம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்புவதா வேண்டாமா என்பது அவருடைய உரிமை. நீங்கள் செய்ய முடிந்ததெல்லாம், நம்ப விரும்பினால் நம்புவதற்கு அவர் கையில் ஆதாரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. கூடவே, ‘என்ன பார்த்தால் உனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். பதில் உடனே வராது. ‘தெரியவில்லை’ என்பார். அதுவும் உண்மையான பதில்தான்; ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

இனி அந்த இளைஞர்.

அவர் செய்தவையும் இரண்டு: பிழை ஒன்று, மறைப்பு ஒன்று. பீட்டர் கிம்மும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத்தான் தொட்டது. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கணக்காளர் முந்தைய பணியில் வரிக் கணக்கைத் தவறாகச் சமர்ப்பித்தார் என்பது அதில் வரும் குற்றச்சாட்டு. விதிகள் சரியாகத் தெரியாமல் நேர்ந்தது என்றால், மன்னிப்புக் கேட்டதும் பார்த்தவர்கள் ஓரளவு சமாதானமானார்கள். வேண்டுமென்றே செய்தது என்றால், அதே மன்னிப்பு குற்ற ஒப்புதலாகிப் பாதகமாக முடிந்தது. திறமைக் குறையை மனிதர்கள் ஒரு தடவைச் சறுக்கலாகப் பார்க்கிறார்கள். நேர்மைக் குறையை ஆளின் குணமாகவே பார்க்கிறார்கள். அதனால்தான் அவருடைய கூட்டல் பிழையை நீங்கள் மறந்துவிட்டீர்கள், பத்து நாள் மௌனத்தை மறக்கவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சரிபார்ப்பது எதை? கூட்டலை. ஐந்து மாதமாக அவர் திறமையைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சந்தேகம் இருப்பதோ அவர் நேர்மையில். இந்தச் சரிபார்ப்பு ஐந்து ஆண்டுகள் நீண்டாலும், பிழை நேர்ந்தால் அவர் உங்களிடம் வந்து சொல்வாரா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

அவர் சொன்ன காரணத்தைச் சாக்கு என்று தள்ளிவிட்டீர்கள். நண்பரே, நீங்கள் ஏன் இரண்டு ஆண்டுகள் மறைத்தீர்கள்? மனைவியின் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்துதானே? அவரும் ஒரு முகத்துக்குப் பயந்தார். அது உங்களுடைய முகம். பயம் மறைத்ததை நியாயமாக்காது, உங்கள் வழக்கிலும் சரி, அவர் வழக்கிலும் சரி. ஆனால் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது பொறுப்பாளரின் வேலை. 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக ஒத்துழைத்து வேலை செய்யும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அங்கே மக்கள் பிழையை வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் அது மூடப்பட்டது என்பது புரிந்தது. உங்கள் பிரிவில் கடைசியாக ஒருவர் தானாக வந்து ‘தவறு செய்துவிட்டேன்’ என்று சொன்னது எப்போது? நினைவுக்கு வரவில்லை என்றால், ஆறு பேரும் தவறே செய்வதில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால் இப்படித் தொடங்குவேன்: “அன்று எல்லோர் முன்னிலையிலும் கத்தியது என் தவறு. அப்படி இனி நடக்காது. பிழைக்காக உங்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. பத்து நாள் சொல்லாமல் இருந்ததுதான் என்னை வருத்தியது. இனி ஒன்று நேர்ந்தால் அன்றே எனக்குத் தெரிய வேண்டும்.” பிறகு ஒரு கெடு வையுங்கள். இந்த மாதம் எல்லாத் தாள்களையும் பார்ப்பேன், அடுத்த மாதம் வாடிக்கையாளருக்குப் போகிறவற்றை மட்டும், அதற்கடுத்த மாதம் பத்தில் ஒன்று என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாத காவலில் யாரும் திருந்துவதில்லை, ஒடுங்கித்தான் போவார்கள். இது உங்களுக்கே தெரியுமே. அன்று எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியவரிடமும், அலுவலகம் முழுவதும் அறியும்படி, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். கத்தியது சபையில் என்றால் வருத்தமும் சபையில்தான் இருக்க வேண்டும்.

அவர் முதல்முறையாக ஒரு பிழையோடு உங்கள் மேசைக்கு வரும் நாள் ஒன்று வரும். அன்று உங்கள் முகத்தைத்தான் அவர் பார்ப்பார். முதல் வார்த்தை ‘வந்து சொன்னது நல்லது’ என்று இருக்கட்டும், திருத்தமெல்லாம் அதற்குப் பிறகு. இத்தனைக்குப் பிறகும் அவர் மறுபடி ஒன்றை மறைத்தால், அப்போது அவரை வேறு பொறுப்புக்கு மாற்றுவதையோ அனுப்புவதையோ தயங்காமல் யோசியுங்கள். வாசலைத் திறந்து வைத்த பிறகும் சுவர் ஏறுபவரை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவு நடத்த முடியாது.

ஓர் எச்சரிக்கை. அந்த இளைஞரை மன்னித்துவிட்டு, மாலையில் மனைவியிடம் போய், ‘நான் அவனை நம்பிவிட்டேன், நீ ஏன் என்னை நம்பக்கூடாது?’ என்று கேட்டுவிடாதீர்கள். பத்து நாளும் இரண்டு ஆண்டும் ஒன்றல்ல. அலுவலகத்தில் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது, இறங்கிவருவது உங்களுக்கு எளிது. உங்கள் மனைவி தன் வாழ்க்கையையே பணயமாக வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். அலுவலகத்தில் நீங்கள் கற்றுக்கொள்வது, அவர் இடத்தில் இருப்பது எவ்வளவு கடினம் என்பதாக மட்டும் இருக்கட்டும். தாள்களைச் சரிபார்க்காமல் அனுப்பும் முதல் நாளில் உங்கள் விரல்கள் எப்படிப் பதறுகின்றன என்று பாருங்கள். ஒரு சிறு அறிக்கைக்கே அந்தப் பதற்றம்.

இளைஞரிடம் இந்த வாரமே பேசிவிடலாம். வீட்டுத் தாளுக்கு அவசரப்படாதீர்கள். எல்லாப் பட்டியல்களும் கையில் வரும்வரை பொறுத்திருந்து, இரண்டு முறை சரிபார்த்து எழுதுங்கள். கொடுக்கும்போது, ‘இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று நீயே பார்’ என்று மூலப் பட்டியல்களையும் சேர்த்தே கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்